அடுக்களையில் ஒளித்து வைத்த ஏடு: ராஸசுந்தரி தேவியின் ‘ஆமார் ஜீபன்’

1830-களின் நடுவில் ஒரு நாள். கிழக்கு வங்காளத்தில் ராம்தியா என்ற கிராமம். பெரிய வீடு, பெரிய அடுக்களை. உள்ளே ஒரு பெண் சமைத்துக்கொண்டிருக்கிறார். கணவர் அந்தப் பக்கம் வந்து, எட்டு வயதான மூத்த மகனிடம், என் சைதன்ய பாகவதத்தை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன், கேட்கும்போது எடுத்துக்கொண்டு வா என்கிறார். சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான் நடந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 25, 26 வயது இருக்கும். அந்தப் புத்தகத்தைப் படிப்பதாக அதற்குச் சற்று முன்புதான் ஒரு கனவு கண்டிருந்தார். படிக்கத் தெரியாத ஒருவர் படிப்பதாகக் காணும் கனவு! இப்போது அதே புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. பழைய கால ஏட்டுப் பிரதி அது. மரப்பலகை அட்டைக்குள் தனித்தனித் தாள்கள், தைக்கப்படாதவை. கணவர் போனதும் அதிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி எடுத்து அடுக்களைக்குள் ஒளித்து வைத்தார். மகன் எழுத்துப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திருட்டு என்று பார்த்தால் இதுதான் மொத்தத் திருட்டு: கணவனிடமிருந்து ஒரு தாள், மகனிடமிருந்து ஓர் ஓலை.

அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. இப்படிப் படிக்கத் தொடங்கி, பல பத்து ஆண்டுகள் கழித்து எழுதவும் கற்று, தன் வாழ்க்கையை ‘ஆமார் ஜீபன்’ (என் வாழ்க்கை) என்ற நூலாக எழுதினார். முதல் வடிவம் 1868-இல் வந்தது என்றும் 1876-இல் வந்தது என்றும் இரண்டு கணக்குகள் உண்டு. விரிவாக்கிய வடிவம் 1897-இல் வெளிவந்தபோது அவருக்கு 88 வயது. வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று இலக்கிய வரலாறுகள் இதைச் சொல்கின்றன. எனக்கு வங்காளி தெரியாது. தனிகா சர்க்கார் 1999-இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் டு வின்’ என்ற ஆய்வு நூலும் அதிலுள்ள ஆங்கில மொழிபெயர்ப்பும் வழியாகத்தான் இதற்குள் நுழைந்தேன். அதனால் மொழிநடை பற்றி நான் பேசப் போவதில்லை.

இந்த ‘முதல்’ என்ற பட்டம்தான் எனக்குப் பிரச்சினை. ஒரு புத்தகத்துக்கு மாலை போட்டு மூலையில் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் தன்வரலாறு, பெண் எழுதியது, தானே கற்றுக்கொண்டவர். இந்த மூன்றையும் கேட்டதுமே நமக்குப் புத்தகம் முழுக்கத் தெரிந்துவிட்டது மாதிரி ஆகிவிடுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சம், கூண்டிலிருந்து வானம் என்று மிச்சக் கதையை நாமே எழுதிக்கொள்வோம். கூண்டுப் பறவை என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்கிறார், அது உண்மை. ஆனால் இந்தப் புத்தகத்தில் யாரும் கூண்டைத் திறந்து வெளியே போகவில்லை. படிக்கத் தெரிந்த பிறகும் அதே வீடு, அதே அடுக்களை, அதே முக்காடு. என்ன மாறியது என்று கேட்டால் வெளியே எதுவும் மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எதற்காக ஒரு மனுஷி இவ்வளவு பயத்தைச் சுமந்துகொண்டு இதைச் செய்தார்? படிப்பின் மதிப்பைச் சம்பளத்தாலும் சான்றிதழாலும் மட்டுமே அளந்து பழகிய நமக்கு இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது.

அவர் படிக்கக் கற்ற விதத்தைச் சொல்லும் பகுதிதான் புத்தகத்தின் உச்சம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிறு வயதில், பிறந்த வீட்டின் வெளிக்கட்டில் ஒரு பள்ளி நடந்தது. மேம்சாஹிப் ஒருவர் அங்கே இருந்தார். எட்டு வயது ராஸசுந்தரி எதற்கெடுத்தாலும் அழுகிற, பயப்படுகிற குழந்தை. மற்ற பிள்ளைகள் அவரைச் சீண்டாமல் இருக்க, அந்தப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கவனியுங்கள், படிக்க வைக்கவில்லை, உட்கார வைத்தார்கள். பையன்கள் தரையில் எழுத்துகளை எழுதி உரக்கச் சொல்வார்கள். இந்தச் சிறுமி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தே எழுத்துகள் மனதில் பதிந்துவிட்டன. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பத்து வயதில் வீட்டில் தீ விபத்து, பள்ளி நின்றுபோனது. 12 வயதில் கல்யாணம். படகில் ஏற்றி, மூன்று நாள் தொலைவில் என்று தோன்றும்படியான இன்னொரு உலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளி முடியும் இடத்தில்தான் ஒளித்து வைத்த தாள் வருகிறது. சைதன்ய பாகவதம் 16ஆம் நூற்றாண்டில் விருந்தாவன தாஸர் பாடிய சைதன்யரின் வாழ்க்கைச் சரிதம். கையெழுத்துப் பிரதி. நம் ஓலைச்சுவடிகள் மாதிரியே அந்தக் காலத்து ஏடுகளிலும் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கம் இல்லை. போதாக்குறைக்கு வங்காளியில் கூட்டெழுத்துகள் வேறு. இரண்டு மெய்கள் சேர்ந்தால் மூன்றாவதாக ஓர் உருவம் முளைக்கும். (தமிழில் எழுத்துப் பழகியவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.) அரிச்சுவடி கிடையாது. வித்யாசாகரின் ‘வர்ணபரிசயம்’ வர இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது, அது வந்தது 1855-இல். சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. கேட்கவும் முடியாது. கேட்டால் மாட்டிக்கொள்வார்.

அவரிடம் இருந்தவை மூன்று. எட்டு வயதில் பார்த்த எழுத்துகளின் நினைவு. மகனின் ஓலையில் இருக்கும் குழந்தைக் கையெழுத்து. சுற்றியிருப்பவர்கள் பேசும் பேச்சு. இந்த மூன்றையும் தாளில் இருந்த எழுத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறார். நினைவில் இருப்பது இந்த வளைவா, ஓலையில் இருப்பது இதேதானா, இரண்டும் சேர்ந்தால் வரும் ஒலி யாராவது வாயால் சொல்லிக் கேட்ட ஒலியா? கல்வெட்டு படிப்பவர் செய்யும் வேலை இது. ஒரு வித்தியாசம், கல்வெட்டு படிப்பவருக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும். இவருக்கு ஒரு கை சமையலில். தாள் இடது கையில், முக்காட்டு மறைவில். நேரம் கிடைக்கும்போது ஒரு பார்வை, பிறகு கறிச்சட்டி.

‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இவர் படித்தது அடுப்பு ஊதிக்கொண்டேதான்.

இதை வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. 25 வயது ஒன்றும் முதுமை இல்லை. ஆனாலும் இது முழுக்க முழுக்க ‘காலம் கடந்து’ கற்ற கதை. காலம் கடந்து கற்பது என்றால் வயதாகிவிட்டது, மூளை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ராஸசுந்தரியின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய நாளில் ஒரு நாழிகைகூட அவருடையதாக இல்லை, அதுதான் சிக்கல். குழந்தையின் நேரம் குழந்தைக்குச் சொந்தம், அதனால் அதைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். வளர்ந்தவரின் நேரத்தில் ஏற்கனவே பத்துப் பேருக்குப் பங்கு எழுதியாகிவிட்டது.

அந்தப் பங்குக் கணக்கை அவர் எழுதும் இடங்கள் கொடுமையானவை. குரலை உயர்த்தாமல் எழுதியிருப்பதால் இன்னும் கொடுமை. 18 வயதில் முதல் பிள்ளை, 41-இல் கடைசிப் பிள்ளை, மொத்தம் 12. இருபத்தைந்து பேர் அளவுக்கு இரண்டு வேளைச் சமையல், வீட்டுத் தெய்வத்துக்கு நைவேத்தியம். ஒரு நாள் எல்லோருக்கும் போட்டு முடித்துச் சாப்பிட உட்காரும் நேரத்தில் விருந்தாளி ஒருவர் வருகிறார், சோறு அவருக்குப் போகிறது. இரவு மறுபடி சமையல், மறுபடி ஏதோ ஒன்று, பிள்ளை அழுகிறது. இப்படியே இரண்டு நாள் ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. வீட்டில் யாருக்கும் அது தெரியவும் இல்லை. யாரும் அவரைக் கொடுமைப்படுத்தியதாக அவர் எழுதவில்லை. மாமியார் அன்பானவர், வீட்டார் நல்லவர்கள். நல்லவர்கள் நிறைந்த வீட்டில்தான் ஒருத்தி இரண்டு நாள் பட்டினி கிடக்கிறாள். வில்லன் இருந்திருந்தால் இந்தப் புத்தகத்தைப் படிப்பது நமக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குதிரைச் சம்பவத்தைச் சொல்லாமல் இந்த நூலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் விடப் போவதில்லை. கணவரின் குதிரையின் பெயர் ஜெயஹரி. ஒரு நாள் மகனை அதன் மேல் ஏற்றி, அம்மா பார்க்கட்டும் என்று உள்முற்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ராஸசுந்தரி உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறார். கணவரின் குதிரை ஆயிற்றே, அதன் முன்னால் எப்படிப் போய் நிற்பது! முற்றத்தில் குவித்திருந்த நெல்லைக் குதிரை தின்கிறது. வெளியே வந்து விரட்டவும் கூச்சம். பல காலம் கழித்துத்தான் தனக்கே சிரிப்பு வந்ததாக எழுதுகிறார். முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், குதிரையின் கண்ணில் படவே கூசிய அதே பெண்தான் அந்தக் கணவரின் புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவினார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தாளின் எடை புரியும்.

இங்கேதான் விமர்சகர்களின் பழைய வழக்கு ஒன்று வருகிறது. அவர் படித்தது பக்திக்காகத்தானே? கல்விக்காக இல்லையே? நூலுக்கு முன்னுரை எழுதிய ஜோதிரிந்திரநாத் தாகூர் (ரவீந்திரரின் அண்ணன்) நல்ல பகுதிகளைக் குறித்துக்கொள்ளலாம் என்று பென்சிலோடு உட்கார்ந்ததாகவும், கடைசியில் புத்தகம் முழுக்கவே பென்சில் கோடாகிவிட்டதாகவும் எழுதினார். அழகான பாராட்டு. ஆனால் அவரே, இந்த அம்மாள் நாடகம் நாவல் படிக்க ஆசைப்பட்டு எழுத்துக் கற்கவில்லை, தர்மத்தின் மேல் இருந்த தாகத்தால் கற்றார் என்று மெச்சுகிறார். அந்த மெச்சலுக்கு அடியில் ஒரு நிம்மதி ஒளிந்திருக்கிறது. நல்லவேளை, படித்த பெண் என்றாலும் ஆபத்தில்லாத பெண்.

தனிகா சர்க்கார் இதை வேறு கோணத்தில் பார்க்கிறார். வைணவ பக்தி மரபே இந்தப் பெண்ணுக்கு ஓர் இடத்தைத் திறந்துவிட்டது, கடவுளோடு நேராகப் பேசும் உரிமை அதில் இருந்தது என்று சைதன்ய பாகவதத்தையும் இந்த நூலையும் அருகருகே வைத்து வாசிக்கிறார். அது எனக்குச் சம்மதமே. ஆனால் நூலில் வரும் வரிசையைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொன்றும் தெரிகிறது. முதலில் வருவது புத்தகம் இல்லை, ஆசை. பெண்கள் படிப்பதில்லையே, இந்த மனசுக்கு மட்டும் ஏன் இப்படி ஓர் அரிப்பு என்று தன் மனசையே கோபித்துக்கொள்கிறார். பிறகு வருகிறது கனவு. அதற்கும் பிறகுதான் சைதன்ய பாகவதம் கண்ணில் படுகிறது. ஆசைக்குப் பக்தி ஒரு பெயர் வைத்தது, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு பெயர். அந்தப் பக்தி பொய் என்று சொல்ல வரவில்லை. தாய் சொல்லிக்கொடுத்த தயாமாதவனை அவர் கடைசிப் பக்கம் வரை விடவே இல்லை. ஆனால் வெறும் நாமம் சொல்வது போதும் என்றிருந்தால் அதற்கு எழுத்து எதற்கு? பஜனை கேட்டாலே போதுமே. அவருக்கு யாரோ சொல்லக் கேட்பது போதவில்லை. தன் கண்ணால், தனியாக, தனக்கு வேண்டிய வேகத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

படிக்கத் தெரிந்ததும் அவருடைய பசியைப் பாருங்கள். வீட்டில் இருந்த ஏடுகள் ஒவ்வொன்றாகத் தீர்கின்றன. சைதன்ய சரிதாமிர்தம், பாரதத்தின் பதினெட்டுப் பர்வம் என்று பட்டியல் போடுகிறார். ராமாயணத்தில் ஒரு காண்டம்தான் வீட்டில் இருந்தது. மிச்சம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எப்படி இருப்பது? கல்கத்தாவில் படிக்கும் மகனிடம் சொல்லி வரவழைக்கிறார். வந்ததோ அச்சுப் புத்தகம். பெரிய பெரிய கையெழுத்தில் பழகிய கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து பிடிபடவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து. அடுத்த பாகம் என்ன ஆச்சு என்று தவிக்கும் இந்த மனசை நாடகம் நாவல் வாசிக்கும் மனசிலிருந்து எப்படிப் பிரிப்பது? ஜோதிரிந்திரநாத் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பயம் இதோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தது. படித்த பெண் தாலியறுப்பாள் என்ற நம்பிக்கை வங்கத்தில் வலுவாக இருந்த காலம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனிப் பெண்கள் எல்லாம் ஆண்கள் வேலையைச் செய்வார்கள் போலிருக்கிறது, கலி முற்றிவிட்டது என்று புலம்புவதை இவர் மறைந்திருந்து கேட்கிறார். கடைசியில் ஒரு நாள் விதவை நாத்தனார்களிடம் மாட்டிக்கொள்கிறார். அவர்கள் திட்டவில்லை. சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று ஆசைப்பட்டார்கள். இத்தனை வருஷம் யாரை நினைத்துப் பயந்தோமோ அவர்களுக்கும் உள்ளுக்குள் அதே ஆசை. இந்த இடத்தை அவர் இரண்டு மூன்று வரியில் கடந்துபோய்விடுகிறார். இன்றைய எழுத்தாளர் யாராவது என்றால் ஒரு அத்தியாயமே போட்டிருப்பார்.

இனி எழுத்து. படிப்பும் எழுத்தும் ஒன்றாகவே வரும் என்பது பள்ளிக்கூடம் நமக்குக் கொடுத்த பிரமை. ராஸசுந்தரி பல ஆண்டுகள் படிக்க மட்டும் தெரிந்தவராக இருந்தார். தன்னை ‘ஜிதாக்ஷரா’ (எழுத்தை வென்றவள்) என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் படித்தார். தனிகா சர்க்காரின் நூல் தலைப்பு அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆனால் பேனா பிடிக்கவில்லை. காரணத்தை அவரே சொல்கிறார், அதுவும் எவ்வளவு நடைமுறையான காரணம்! எழுத வேண்டுமென்றால் தாள் வேண்டும், பேனா, மை, மைக்கூடு வேண்டும், அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஓர் இடத்தில் உட்கார வேண்டும். படிப்பதை ஒளிக்கலாம், எழுதுவதை எப்படி ஒளிப்பது? முக்காட்டுக்குள் ஒரு தாள் அடங்கும், ஒரு மேசை அடங்காது.

வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகன் ஒருவன் ஒரு நாள் கேட்கிறான். நாங்கள் எழுதும் கடிதத்துக்கு ஏன் அம்மா நீ பதில் போடுவதில்லை? எனக்கு எழுதத் தெரியாதே என்கிறார். அவன் தாளும் பேனாவும் மையும் வாங்கி வைத்துவிட்டுப் போகிறான். முன்பு ஒரு மகனின் ஓலையைத் திருடிப் படிக்கக் கற்றவருக்கு, இப்போது இன்னொரு மகன் தானே கொண்டுவந்து கொடுக்கிறான். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை மாறிவிட்டது. 1849-இல் கல்கத்தாவில் பெத்யூன் பள்ளி வந்துவிட்டது. அம்மாவுக்கு எழுதத் தெரியாதது மகனுக்கு ஒரு குறையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் பேபி ஹால்தரின் ‘ஆலோ ஆந்தாரி’ நினைவுக்கு வருகிறது. இவரும் வங்காளிதான். குர்கானில் வீட்டு வேலை செய்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர், அதனால் எழுத்து ஏற்கனவே தெரியும். பிரேம்சந்தின் பேரனான பிரபோத் குமாரின் வீட்டில் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது புத்தகங்களைப் புரட்டினார். அதைக் கவனித்த அவர் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். 2002-இல் இந்தியில் புத்தகம் வந்தது. நல்ல புத்தகம்தான். ஆனால் அங்கே பேனாவைக் கொடுத்த கை முதலாளியின் கை, அந்தக் கை புத்தகம் முழுக்க நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ராஸசுந்தரியின் முதல் தாளை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்தார். இரண்டு நூல்களுக்கும் குரலில் உள்ள வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது என்பது என் ஊகம்.

‘ஆமார் ஜீபன்’ குறையே இல்லாத நூலா என்றால், இல்லை. பிற்பகுதி மெலிந்துபோகிறது. துதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, நானே சில பக்கங்களைத் தாண்டிப் போனேன். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த கணவரைப் பற்றிக் கடைசியில், கடமைக்கு, நல்ல மனுஷர் என்று கொஞ்சம் எழுதி முடித்துவிடுகிறார். இறந்துபோன பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு பட்டியலாக வந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் சாகக் கிடந்த தாயைப் பார்க்கப் போக விடாததை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. நான் மகனாகப் பிறந்திருந்தால் பறந்து போயிருப்பேனே என்று அழும் இடத்தில், அதுவரை அடங்கியிருந்த குரல் சட்டென்று உடைகிறது. எல்லாவற்றையும் கடவுளின் திருவிளையாடல் என்று ஏற்றுக்கொண்டவர் இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளவில்லை. அறுபது வயதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மகன் தாளும் மையும் வாங்கி வைத்தானே, உடனே எழுத உட்கார்ந்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவே அதற்கு எங்கே நேரம்? பிறகு கணவருக்குக் கண்ணில் நோய் வந்தது. வைத்தியத்துக்காக இன்னொரு மகன் வேலை பார்த்த ஊருக்குப் போய்த் தங்க வேண்டியிருந்தது. ராம்தியாவின் பெரிய குடும்பம் அங்கே இல்லை, அத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாகக் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. அங்கேதான் எழுதப் பழகினார்.